தீவுகளுக்கு ஒருநாள் படகுப் பயணம்: முதன்முறை ஸ்நார்கலிங் செய்பவர்களுக்கு

காலையில் படகேறி, இரண்டு மூன்று தீவுகளைச் சுற்றிப் பார்த்து, கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்கும் மூச்சுக் குழாயும் மாட்டிப் பவளப்பாறைகளுக்கு மேல் மிதந்து மீன்களை ரசிக்கும் ஸ்நார்கலிங்கையும் செய்துவிட்டு, மாலைக்குள் கரை திரும்பும் பயணம் இது. இதற்கு நீச்சல் வீரராக இருக்க வேண்டியதில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு வாயால் நிதானமாக மூச்சுவிடப் பழகினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்த நிதானம்தான் படகு நின்றதும் கைவிட்டுப் போகிறது. மற்றவர்கள் குதிக்கிறார்கள், வழிகாட்டி கைகாட்டி அழைக்கிறார், மாஸ்க் சரியாகப் பொருந்தியதா என்று பார்க்காமலே இறங்கிவிடுகிறோம். அடுத்த இரண்டு நிமிடத்தில் மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி, படபடப்பு வந்து, மீதி நேரம் ஏணியைப் பிடித்தபடியே கழிகிறது. கீழே சொல்லும் ஏற்பாடுகள் எல்லாமே இந்த அவசரத்தைத் தவிர்ப்பதற்காகத்தான்.

பயணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

எத்தனை தீவுகள் என்று பார்க்காதீர்கள். தண்ணீரில் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். ஒரே நாளில் ஐந்தாறு இடங்களைக் காட்டும் பயணத்தில் ஓர் இடத்துக்கு அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். உபகரணம் மாட்டவும் ஏறி இறங்கவுமே அதில் பாதி போய்விடும். புதியவர்களுக்கு இரண்டு ஸ்நார்கலிங் இடங்களும் ஒரு தீவில் கரையிறங்குவதும் போதும். ஒவ்வோர் இடத்திலும் 45 நிமிடத்துக்குக் குறையாமல் நிறுத்துகிற படகாகப் பாருங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை: படகில் மொத்தம் எத்தனை பேர்? படகோட்டியைத் தவிர்த்து, கூடவே தண்ணீரில் இறங்கும் வழிகாட்டிகள் எத்தனை பேர்? குழந்தைகள் அளவில் லைஃப் ஜாக்கெட் உண்டா? தண்ணீருக்குள் இறங்கும் ஏணி உண்டா? முதலுதவிப் பெட்டியும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் உண்டா? வானிலை கெட்டால் பணம் திரும்ப வருமா? கடைசிக் கேள்வியை அசட்டை செய்யாதீர்கள். பணத்தைத் திருப்பித் தரும் வழக்கமுள்ள படகுக்காரர், கடல் சரியில்லாத நாளில் தயங்காமல் பயணத்தை நிறுத்துவார்.

ஸ்பீட் போட் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், ஆனால் அலைமேல் ஏறி ஏறி விழும். முன்பக்க இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த அதிர்ச்சியில் முதுகெலும்பு முறிந்த விபத்துகள் பதிவாகியுள்ளன. பின்பகுதியில், நடுவாக உட்காருங்கள். கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் ஸ்பீட் போட்டைத் தவிர்த்துவிட்டு, மெதுவாகப் போகும் பெரிய படகிலோ இரட்டை அடிப்பாகம் கொண்ட கேட்டமரானிலோ போவது நல்லது.

காற்று, அலை, ஓதம்

வானிலைச் செயலியில் மழையை மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம். ஸ்நார்கலிங்குக்கு மழையைவிடக் காற்று முக்கியம். காற்றின் வேகம் 10 நாட் (knot, மணிக்கு ஒரு கடல்மைல்) அளவுக்குள் இருந்தால், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டருக்குள் இருந்தால், கடல் தோதாக இருக்கும். 15 நாட் என்றால் எங்கு பார்த்தாலும் வெண்நுரை தெரியும். தீவின் மறைவான பக்கத்தில் மட்டும் இறங்கலாம். 20 நாட் என்றால் இன்னொரு நாள் போய்க்கொள்ளலாம். முன்னறிவிப்பில் அலை உயரம் 1 மீட்டர் என்று போட்டிருந்தால், எல்லா அலையும் 1 மீட்டர் என்று அர்த்தமில்லை. அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. அவ்வப்போது அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்திலும் ஓர் அலை வரும்.

வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மதியத்துக்குப் பின் கடற்காற்று வலுக்கும். அதனால் காலைக் கடல்தான் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வெளிச்சமோ 10 மணிக்கு மேல்தான் நேராக உள்ளே இறங்கும். இரண்டும் ஒத்துவருவது 10 மணி முதல் 12 மணி வரை. முக்கியமான இடத்துக்கு அந்த நேரத்தில் போய்ச் சேரும்படி, சீக்கிரம் கிளம்பும் படகைப் பிடியுங்கள்.

ஓதத்தையும், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதையும், பாருங்கள். பெரும்பாலான கடல்களில் நீர் ஏறுவதற்குச் சுமார் ஆறு மணி நேரம், வற்ற ஆறு மணி நேரம். அந்த ஆறில் நடுவே உள்ள மூன்றாம், நான்காம் மணி நேரங்களில்தான் மொத்த ஏற்ற இறக்கத்தில் பாதி நடந்துவிடும். நீரோட்டம் அப்போதுதான் வேகம் பிடிக்கும். நீர் முழுதாக ஏறி நிற்கும் நேரத்தை ஒட்டி இறங்கினால் ஓட்டம் குறைவு, பவளப்பாறைக்கு மேல் போதிய ஆழமும் இருக்கும். நீர் வற்றிய நேரத்தில் பாறை வயிற்றில் உரசும். அமாவாசை, பௌர்ணமியிலும் அடுத்த ஓரிரு நாட்களிலும் ஏற்ற இறக்கம் பெரிதாகி ஓட்டம் கடுமையாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் தளர்ந்திருக்கும். நாளைத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர்கள் நாட்காட்டியைப் பார்த்து முன்பதிவு செய்யலாம்.

கையில் எடுக்க வேண்டியவை

ஆளுக்கு 2 லிட்டர் குடிநீர், 10 லிட்டர் கொள்ளளவுள்ள நீர்புகாப் பை, துண்டு, மாற்றுத் துணி, பாறையில் நடக்கத் தடித்த அடியுள்ள ரப்பர் காலணி, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள். போனுக்கு நீர்புகா உறை வாங்கினால், முதலில் உள்ளே மெல்லிய காகிதம் ஒன்றை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வையுங்கள். காகிதம் நனையாவிட்டால் போனை நம்பி வைக்கலாம். தண்ணீருக்குள் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. ஒலியளவுப் பொத்தானால் படம் எடுக்கும்படி முன்பே அமைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலுக்கு முதல் காவல் துணி. முழுக்கை ரேஷ் கார்டும் (உடலை ஒட்டிய நீச்சல் சட்டை) முட்டிக்குக் கீழ்வரை வரும் கால்சட்டையும் போட்டால் களிம்பு பூச வேண்டிய இடமே குறைந்துவிடும். குப்புற மிதக்கும்போது முதுகும் முட்டியின் பின்பக்கமும் பின்கழுத்தும்தான் தீய்ந்துபோகும்; தண்ணீரின் குளிர்ச்சியில் அது உறைக்காது. சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 50 இருக்கட்டும். இறங்குவதற்கு 20 நிமிடம் முன்பே பூசுங்கள். நெற்றியில் பூச வேண்டாம், வழிந்து கண்ணில் இறங்கி எரியும். ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்ஸேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் பவளத்துக்குக் கெடுதல் என்பதால் பலாவு நாட்டில் 2020-இலும் ஹவாயில் 2021-இலும் இவை உள்ள சன்ஸ்கிரீன்களுக்குத் தடை நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்தும் 2021-இல் தன் தேசியப் பூங்காக்களில் தடை செய்தது. ஜிங்க் ஆக்சைடு கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

கடல்மயக்கம் யாருக்கும் வரலாம். உடல் ஆடுகிறது என்று உள்காது சொல்கிறது, படகின் உட்புறத்தைப் பார்க்கும் கண் இல்லை என்கிறது. அந்த முரண்பாட்டில்தான் வாந்தி வருகிறது. மாத்திரை போட்டுக்கொள்வதாக இருந்தால், மருத்துவரிடம் கேட்டு, படகேறுவதற்கு முன்பே போடுங்கள். சின்னரிசின் வகை என்றால் 2 மணி நேரம் முன்பு. குமட்டல் ஆரம்பித்தபின் விழுங்கும் மாத்திரை பெரும்பாலும் வெளியே வந்துவிடும். சில மாத்திரைகள் தூக்கத்தைத் தரும் என்பதால் முதன்முறையாக அதைப் பயண நாளில் சோதிக்க வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. புகைநாற்றம் வராத இடத்தில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். வாந்தி வந்தால் காற்று அடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் போய் எடுங்கள்.

மாஸ்க், குழாய், துடுப்பு

நாளின் இன்ப துன்பம் எல்லாம் இந்த மாஸ்கில்தான் இருக்கிறது. நீச்சல் கண்ணாடி இதற்கு ஆகாது. மூக்கு உள்ளே அடங்கினால்தான் கண்ணாடிக்குள் உள்ள காற்றின் அழுத்தத்தைச் சரிசெய்ய முடியும், மூக்கால் தண்ணீர் இழுக்காமலும் இருக்க முடியும்.

பொருத்தம் பார்க்கும் முறை எளிது. பட்டையை முன்னால் தூக்கிப் போட்டுவிட்டு, முடியை ஒதுக்கி, மாஸ்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை எடுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் சரி. அதே சோதனையை வாயில் குழாயைக் கடித்தபடி இன்னொரு முறை செய்யுங்கள். வாய் திறக்கும்போது கன்னம் மாறுவதால் சில மாஸ்குகள் அப்போதுதான் குட்டை வெளிப்படுத்தும். நழுவினால் வேறு அளவு கேளுங்கள். பட்டையை இறுக்கிச் சமாளிக்கலாம் என்று நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அதிகம் இறுக்கினால் சிலிக்கான் விளிம்பு மடங்கி இன்னும் வேகமாகத் தண்ணீர் வரும். பட்டை பின்தலையின் புடைப்பின்மேல், காதுக்கு மேலாக, விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். அடர்ந்த மீசை உள்ளவர்களுக்கு மூக்குக்குக் கீழே கசியும். அந்த இடத்தில் மட்டும் ஒரு கோடு மழித்தால் போதும், அல்லது சிலிக்கான் கிரீஸ் தடவலாம்.

புது மாஸ்கில் தொழிற்சாலைப் படலம் ஒட்டியிருக்கும். பற்பசை தடவி விரலால் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவினால்தான் ஆவி படியாது. பயண நாளில், காய்ந்த கண்ணாடியின் உட்புறம் எச்சில் தடவி, கடல் நீரில் ஒரே ஒரு முறை அலசி உடனே மாட்டுங்கள். குழந்தைகளின் ஷாம்புவில் ஒரு துளியும் வேலை செய்யும். மாஸ்கை நெற்றியில் ஏற்றி வைக்காதீர்கள்: நெற்றிச் சூட்டில் ஆவி படியும், அலை அடித்துக்கொண்டும் போகும். கழுத்தில் தொங்கவிடுங்கள். பார்வைக் குறை உள்ளவர்கள் பவர் உள்ள மாஸ்க் கிடைக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள். கான்டாக்ட் லென்ஸ் என்றால் ஒருநாள் போட்டுத் தூக்கியெறியும் வகை, தண்ணீர் புகுந்தால் கண்ணை மூடிக்கொள்ளவும்.

குழாய் நீளமாக இருந்தால் நல்லது என்று எண்ண வேண்டாம். நாம் விட்ட மூச்சில் ஒரு பங்கு குழாய்க்குள்ளேயே தங்கி, அடுத்த மூச்சில் திரும்ப உள்ளே வருகிறது. நீளம் கூடக்கூட அந்தக் கெட்ட காற்றும் கூடும். 40 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். சின்னச் சின்ன மூச்சாக விடுபவர்களுக்குச் சீக்கிரம் தலை கனப்பதும் இதனால்தான். முகம் முழுவதையும் மூடும் மாஸ்கைப் புதியவர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மூக்கால் மூச்சுவிடலாம் என்பது கவர்ச்சிதான், ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்தால் ஊதி வெளியேற்ற முடியாது, பதற்றத்தில் சட்டென்று கழற்றவும் வராது, மலிவான தயாரிப்புகளில் கெட்ட காற்று உள்ளே தேங்கும்.

காலில் மாட்டும் துடுப்பு குதிகாலில் உரசாமலும் விரல்களை மடக்காமலும் இருக்க வேண்டும். காலை நனைத்துக்கொண்டு மாட்டுங்கள். மாட்டியபின் படகில் நடக்க நேர்ந்தால் பின்னோக்கி நடங்கள்.

தண்ணீரில் முதல் பத்து நிமிடம்

இன்ஜின் நின்றுவிட்டது என்று படகோட்டி சொல்லும்வரை ஏணிப் பக்கம் போக வேண்டாம். முதல் முறை குதிக்காதீர்கள். ஏணி வழியாக இறங்குங்கள். நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, கால் இடுக்குப் பட்டை இருந்தால் அதையும் இழுத்துக் கட்டி, வழிகாட்டியின் மிதவை வளையத்தைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். நீச்சல் தெரிந்தவர்களும் முதல் இடத்தில் மிதவைச் சட்டையோடு இறங்குவது நல்லது.

இடுப்பளவு ஆழம் கிடைத்தால் அங்கே, இல்லையென்றால் ஏணியைப் பிடித்தபடி, இந்த வரிசையில் பழகுங்கள்:

1. முகம் தண்ணீருக்கு மேல் இருக்கட்டும். குழாயை உதட்டால் மூடி, பல்லால் மெல்லக் கடித்து, ஒரு நிமிடம் வாயால் மூச்சு விடுங்கள்.

2. முகத்தைத் தண்ணீரில் வையுங்கள். மனதுக்குள் நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். அதுதான் குழாயைச் சுத்தமாக்கி நெஞ்சுப் படபடப்பையும் அடக்கும்.

3. வேண்டுமென்றே குழாயில் தண்ணீர் விட்டு, ‘தூ’ என்று ஒரே வேகமாக ஊதுங்கள். அடுத்த மூச்சை மெல்ல இழுங்கள், நாலு சொட்டு மிச்சமிருக்கலாம்.

4. மாஸ்கின் அடிவிளிம்பைச் சற்று விலக்கித் தண்ணீர் புக விடுங்கள். தலையைத் தூக்கி, விளிம்பைத் திறந்து வடிய விட்டு, மறுபடி அழுத்துங்கள். ஒரு தடவை செய்துவிட்டால் மாஸ்கில் தண்ணீர் வருவது பற்றிய பயம் போய்விடும்.

5. கை கால் அசைக்காமல் ஒரு நிமிடம் குப்புற மிதந்து பாருங்கள்.

இவ்வளவும் ஆனபின் உதைக்கத் தொடங்கலாம். உதை இடுப்பிலிருந்து வரட்டும். முட்டியை மடக்கி மிதித்தால் களைப்புதான் மிச்சம். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் மல்லாந்து, துடுப்பின் நுனியைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். நீந்தும்போது கையைப் பக்கவாட்டில் ஒட்டி வையுங்கள்.

முதலில் நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள், களைத்தபின் அதுவே படகுக்குக் கொண்டுவரும். சில நிமிடத்துக்கு ஒருமுறை தலையைத் தூக்கிப் படகு எங்கே, கூட வந்தவர் எங்கே என்று பாருங்கள். 1 நாட் வேகத்துக்கு மேல் ஓட்டம் இருந்தால் சாதாரண ஆட்களால் எதிர்த்து நீந்த முடியாது. அடித்துச் செல்லப்பட்டால் நேராகப் போராடாமல், மிதந்தபடி ஒரு கையை உயர்த்தி அசையுங்கள், படகு வரும். ‘நலம்’ என்று காட்ட கையை வளைத்து விரல்களைத் தலையுச்சியில் வையுங்கள்.

மூச்சு திணறுவது, கை கால் திடீரெனச் சோர்வது, தலை குழம்புவது, இந்த மூன்றில் எது வந்தாலும் பொறுத்துப் பார்க்காதீர்கள். ஹவாயில் 2021-இல் வெளியான ஸ்நார்கல் பாதுகாப்பு ஆய்வு, தண்ணீர் விழுங்காமலே நுரையீரலில் நீர் கோத்து உயிராபத்து நேர்வதைச் சுட்டிக்காட்டியது. குழாய் வழியே சிரமப்பட்டு இழுக்கும் மூச்சு, கடும் உழைப்பு, ஏற்கெனவே உள்ள இதயக் கோளாறு ஆகியவை அதற்குத் துணைபோகின்றன. உடனே மல்லாந்து, குழாயை எடுத்துவிட்டு, கையசைத்து உதவி கேட்டு வெளியேறுங்கள். இதயநோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. முதல் இறக்கம் 20 அல்லது 30 நிமிடம் போதும். வெப்பமண்டலக் கடல் வெதுவெதுப்பாக இருந்தாலும் உடற்சூட்டை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நடுக்கம் வந்தால் ஏறிவிடுங்கள்.

என்ன பார்ப்பது, எதைத் தொடக் கூடாது

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுபவர்கள் மீன்களின் வாலைத்தான் பார்ப்பார்கள். 2 முதல் 5 மீட்டர் ஆழத்தில் ஒரு பவளத் திட்டைத் தேர்ந்து அதன்மேல் ஐந்து நிமிடம் அசையாமல் மிதந்து பாருங்கள். ஒளிந்தவை ஒவ்வொன்றாக வெளியே வரும். பெரிய மீன்கள் வரிசையாக வந்து நிற்க, சின்னஞ்சிறு நீலக்கோட்டு மீன் அவற்றின் செவுளுக்குள்ளும் வாய்க்குள்ளும் புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்னும் காட்சி கிடைக்கலாம். காதைத் தீட்டினால் ‘கறுக் கறுக்’ என்று கேட்கும். கிளிமீன் பாறையைக் கொறிக்கும் சத்தம் அது. அது தின்று கழிப்பது வெண்மணலாக வெளியே வரும். கடற்சாமந்தி என்னும் பூப்போன்ற கடல்விலங்கின் கொட்டும் கைகளுக்கு நடுவே கோமாளி மீன் குடியிருக்கும். மாஸ்க் வழியே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால் பங்கு அருகிலும் தெரியும். அதனால் பாறைக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தைத் தப்பாகக் கணிக்காதீர்கள்.

பவளம் உயிருள்ள விலங்குகளின் கூட்டம். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். துடுப்பால் ஒரு தட்டுத் தட்டினால் பல ஆண்டு வளர்ச்சி உடைந்து விழும். தண்ணீர் 1 மீட்டருக்கும் குறைவாக உள்ள பாறைமேல் நீந்தாதீர்கள், அலை இறங்கும்போது உங்களைப் பாறைமேல் வைத்துவிடும். நிற்க வேண்டுமென்றால் வெறும் மணலில் மட்டும் நில்லுங்கள். மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி போனால் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள். அது அவற்றின் உணவுமுறையைக் கெடுக்கும், கடிக்கவும் பழக்கும்.

கூம்பு வடிவச் சங்குகளில் உள்ள நத்தை, ஆளைக் கொல்லும் நஞ்சுமுள்ளை எய்யக்கூடியது. அழகான சங்கு என்று கையில் எடுக்கவே வேண்டாம். பாறையைப் போலவே கிடக்கும் கல்மீனை மிதித்துவிட்டால், பொறுக்கக்கூடிய சூடுள்ள தண்ணீரில், 45 பாகை செல்சியஸுக்கு மிகாமல், காலை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்து, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். டைட்டன் டிரிகர் மீன் முட்டையிட்ட காலத்தில் துரத்திக் கடிக்கும். அது காவல் காக்கும் இடம் கூட்டிலிருந்து மேலே போகப்போக விரியும் என்பதால், பக்கவாட்டில் விலகுங்கள். ஆமையைக் கண்டால் 3 மீட்டராவது தள்ளி நின்று பாருங்கள். அது மூச்செடுக்க மேலே வரும் வழியை மறிக்காதீர்கள்.

தீவிலும் திரும்பும் வழியிலும்

கரையிறங்கியதும் படகு புறப்படும் நேரத்தைப் படகோட்டியின் வாயால் கேட்டு, உங்கள் கடிகாரத்தில் வையுங்கள். நடைபாதையை விட்டு விலகாதீர்கள். மணல்மேட்டில் பறவைகளும் ஆமைகளும் முட்டையிடும். கடற்கரையில் ஒதுங்கிய பவளத் துண்டையோ சங்கையோ எடுத்து வராதீர்கள். பல நாடுகளில் அது குற்றம், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள். சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் நிழலில் இருந்துவிட்டு இரண்டாம் இடத்தில் இறங்கலாம். பயணத்தில் மது கொடுத்தாலும், தண்ணீரில் இறங்கும் வேலை எல்லாம் முடியும்வரை தொடாதீர்கள்.

மதியத்துக்குப் பின் காற்று வலுக்கும் என்பதால் திரும்பும் வழி பெரும்பாலும் முரடாக இருக்கும். ஈரத் துணியை மாற்றிவிட்டு உட்காருங்கள், காற்றில் குளிர் எடுக்கும். ஏறும்போது ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு துடுப்பைக் கழற்றிக் கொடுங்கள். மாஸ்கைக் கடைசிவரை கழற்றாதீர்கள்.

அறைக்கு வந்ததும் மாஸ்க், குழாய் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து நிழலில் காயப்போடுங்கள். காதில் தண்ணீர் நின்றால் தலையைச் சாய்த்து மடலை இழுத்து வடிய விடுங்கள், குச்சி நுழைக்க வேண்டாம். பவளம் கீறிய காயம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே தங்கும் நுண்துணுக்குகளால் அது சீழ்கட்டும். இரண்டு நாளில் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். மறுநாள் விமானம் ஏறுவதற்கு ஸ்நார்கலிங் தடையில்லை. பயணத்தில் சிலிண்டர் மாட்டி ஒருமுறை ஸ்கூபா டைவும் செய்திருந்தால் மட்டும், விமானம் ஏற 12 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும்; இரண்டு முறை என்றால் 18 மணி நேரம்.